பெயர் எழுதாத பக்கத்தில் இருந்த காவடி

என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்துக்கொண்ட மச்சானுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கியே பழகிவிட்டது. இப்போது எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் அது பொய். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள், பாதியைக் கொட்டுகிறாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் பட்டறைக் கதவை மட்டும் அவள் திறக்கவே இல்லை. நான்தான் திறந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தப்புச் செய்துவிட்டேனா, நல்லதுதான் செய்தேனா, எனக்கே பிடிபடவில்லை.

நீங்கள் போன மறுமாதம் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பள்ளியின் கலை மன்றமும் ஏதாவது ஓர் இனத்தின் கலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு படைப்பைச் செய்ய வேண்டும். பொருள்கள் வாங்க உதவி உண்டு. தேர்வானால் ஈப்போவில் மாநிலக் கண்காட்சி, அங்கேயும் தேர்வானால் கோலாலம்பூர். கூடவே வழிகாட்டிப் புத்தகம் ஒன்றும் வந்தது. அதில் நமக்கு ஒன்றரைப் பக்கம். கலர் அரிசிக் கோலம், பரதநாட்டியம் ஆடும் பெண், குத்துவிளக்கு. முடிந்தது நம் கதை.

எனக்கு எரிச்சல் வந்தது. கடல் தாண்டி, சபா மாநிலத்தின் உட்பகுதியில் ஐந்து வருடம் காட்சிக்கலை ஆசிரியராக இருந்தேனே, அந்தப் பள்ளியில் நான் ஒருவன்தான் தமிழன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அரிசிக்குச் சாயம் ஏற்றிக் கோலம் போட்டுப் போட்டு என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஈப்போவுக்கு, நம் புந்தோங்குக்கு மாற்றலாகி வந்தும் அதே அரிசியா? ஆனால் யாரைக் குறை சொல்வது என்றும் விளங்கவில்லை. உங்களிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவர்கள் நம்மைக் கேட்டிருந்தால், நாம் கோலத்தைத் தாண்டி வாய் திறந்திருப்போமா?

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. வாரம் முழுக்க இரும்புச் சாமான் கடைக்கு லோரி ஓட்டிவிட்டு, தீபாவளி முடிந்ததும் பட்டறைக்குள் போய்த் தைப்பூசம் வரைக்கும் வெளியே வராத மனிதர் நீங்கள். அலுமினியச் சட்டம், வெட்டி எடுத்த போலிஸ்டிரீன் பூக்கள், கண்ணாடிச் சில்லு, மயிலிறகு. புந்தோங்கில் பாதிப் பேர் தூக்கிய காவடி உங்கள் கை பட்டதுதான். இதைவிடப் பெரிய சிற்பக்கலை பேராக் மாநிலத்தில் எங்கே இருக்கிறது? அக்காவிடம், "பட்டறையிலேர்ந்து கொஞ்சம் சாமான் எடுத்துக்கவாக்கா?" என்று மட்டும் கேட்டேன். "எடுத்துக்கோ" என்றாள், அடுப்பை விட்டுத் திரும்பாமல்.

உங்கள் நோட்டை அங்கேதான் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காவடியின் படம். மேலே, அதைத் தூக்கப்போகிறவரின் பெயர், தோள் அகலம், இடுப்பு அளவு. ஆளை அளக்காமல் நீங்கள் ஒரு கம்பியைக்கூட வளைக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைசிப் படத்தில் அளவு இருந்தது, பெயர் மட்டும் இல்லை. இரண்டு அடுக்கு வளைவு, நடுவில் விரிந்த தோகை, நீங்கள் வரைந்ததிலேயே அழகானது. யாருக்கும் இல்லாத காவடி, அதனால் எல்லாருக்கும் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எடுத்துப் போனேன்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பப் பாரத்தில் காவடி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மலாய்ப் பெற்றோர் யாராவது சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று பயந்து, "மயிலிறகு வளைவுச் சிற்பம்" என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை புவான் ஹஸ்னா அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், நான் பிறந்து வளர்ந்தது ஈப்போ. இது காவடி. ஏன் வேறு பெயர்?" என்று மலாயில் கேட்டார். அசடு வழிந்தேன். அவரே உட்கார்ந்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். சாமி படம் இருக்காது, வேல் இருக்காது, பூசை இருக்காது. விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள் என்று. இரண்டு வீட்டில் போடவில்லை. அந்தப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மலாய்க்கார பஸ் ஓட்டுநர் ஒருவர் நேரில் வந்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் மகள்தான் ஐனா, மூன்றாம் படிவம். மயிலிறகு முழுவதையும் அடுக்கியவள் அவள்தான்.

நான் எதிர்பார்த்த சண்டை வரவே இல்லை. வந்தது நம் பக்கத்திலிருந்து. கோகிலா என்ற மாணவியின் அம்மா ஒருநாள் கலையறை வாசலில் வந்து நின்றார். உள்ளே நம் பையன்கள் ஒரு கையில் பொரித்த கோழி, மறு கையில் பசை டப்பா.

"சார், விரதம் இல்லாம காவடி கட்றாங்களே, தப்புலா."

"இது காவடி இல்லைம்மா. வளைவு. சிற்பம்."

"அப்புறம் ஏன் சார் தூக்குறதுக்குத் தோள்பட்டை வச்சிருக்கீங்க?"

உங்களுக்காவது இதற்குப் பதில் வந்திருக்குமா, மச்சான்? அதைக் கேட்டுக்கொண்டிருந்த வெய் ஹான் என்ற சீனப் பையன், தான் திங்கட்கிழமையிலிருந்து மரக்கறிதான் சாப்பிடுவதாகச் சொன்னான். அவனுடைய அத்தை வருடா வருடம் பால்குடம் எடுப்பவராம். காவடியைத் தொடுகிறாய், இறைச்சி தின்னாதே என்று அவர்தான் கண்டித்திருக்கிறார். நம் பையன்கள் கோழியை மெல்ல மேசைக்கடியில் வைத்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நான் கலைப்பொருள் என்கிறேன், அவன் காவடி என்கிறான். யார் சொல்வது சரி?

எப்படியோ செய்து முடித்தோம். மாநிலத்தில் தேர்வானது. ஈப்போ கண்காட்சியின் கடைசி நாள் அக்கா வந்தாள். நான்தான் வற்புறுத்தி வரச் சொன்னேன், பெருமையாகக் காட்டலாம் என்று. மண்டபத்துக்குள் நுழைந்தவள் அதன் முன்னால் போய் நின்றாள். பிறகு அந்தத் தோள்பட்டையை இரண்டு விரலால் தொட்டாள்.

"இது யாரு வரைஞ்சது?"

"மச்சான் நோட்டுல இருந்துச்சுக்கா. பேரு போடாத பக்கம்."

"அவரு பேரை அவரே எழுதிக்குவாரா? இது அவருக்குலா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தீர்களே தவிர, நீங்கள் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. அதை வைத்து உங்களை எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன். அக்காதான் சொன்னாள், திக்காமல் திணறாமல், வீட்டுக் கணக்குச் சொல்வதுபோல.

"உனக்கு நேர்ந்துக்கிட்டாரு தம்பி. சபாலேர்ந்து நீ இங்க மாத்தலாகி வந்தா தானே கட்டித் தானே தூக்குறேன்னு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நீ சிரிப்பேன்னு."

ஆமாம், சிரித்திருப்பேன். ஆறு முறை மனுப் போட்டேன், ஆறாவது முறை கிடைத்தது, அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பேன். போன தைப்பூசம் முடிந்த பிறகுதானே எனக்கு மாற்றல் வந்தது. அடுத்த தைப்பூசத்துக்கு என்று நீங்கள் வரைந்து வைத்திருக்கிறீர்கள். அதற்குள் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். உங்கள் நேர்த்திக்கடனைத்தான் நான் பசை போட்டு ஒட்டி, சிற்பம் என்று பெயர் வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டு போயிருக்கிறேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குலா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. அன்று மாலையே கோலாலம்பூருக்குத் தேர்வானதாகச் செய்தி வந்தது. பிள்ளைகள் குதித்த குதியில் மண்டபமே அதிர்ந்தது. அவர்களில் நாலைந்து பேர் மாநில எல்லையில் இருக்கும் தஞ்சோங் மாலிமைத் தாண்டியதே இல்லை. பெரிய கலைக்கூடத்தில் மூன்று வாரம் வைப்பார்களாம், பிள்ளைகளே நின்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டுமாம். எந்த மூன்று வாரம் தெரியுமா? நடுவில் தைப்பூசம்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. அனுப்பினால் தைப்பூசத்தன்று அதைத் தூக்க முடியாது, உங்கள் சொல் நிற்காது. அனுப்பாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது வரும்? அக்காவிடம் கேட்டால், "நீ படிச்சவன், நீயே பாரு" என்றாள். தலைமையாசிரியையிடம் கேட்டால், "உங்கள் குடும்ப விஷயம், நான் என்ன சொல்ல?" என்றார். கோவில் பக்கம் போய், வாசலோடு திரும்பி வந்தேன். வேல் வைக்காத, பூசை போடாத, கோழி தின்ற கை கட்டிய ஒன்று நேர்த்திக்கு ஆகுமா என்றுகூடத் தெரியவில்லை. ஆகாது என்றால் எனக்குக் கவலை இல்லை. ஆனால் அது உங்கள் படம் ஆயிற்றே.

கடைசியில் பிள்ளைகளிடமே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றி, சபாவைப் பற்றி, நேர்த்தி என்றால் என்ன என்பதைப் பற்றி. மயிலிறகைத் தடவிக்கொண்டிருந்த ஐனாதான் கேட்டாள்.

"சார், இது உங்க மச்சானுடையதா, எங்களுடையதா?"

யோசிக்காமல் பதில் சொன்னேன். "உங்களுடையது."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எனக்கே கேட்டது. இவ்வளவு குழப்பத்தில் அந்த ஒரு சொல் மட்டும் எங்கிருந்து அவ்வளவு தெளிவாக வந்தது? படம் உங்களுடையது, கை அவர்களுடையது. உங்களுக்காக என்று சொல்லி நான் அவர்களைக் கட்ட வைக்கவில்லையே. அவர்கள் எனக்காக ஒன்றும் நேர்ந்துகொள்ளவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அபூர்வமாக ஒரு கதவு திறந்திருக்கிறது. என் வீட்டுத் துக்கத்தைக் கொண்டுபோய் அதில் குறுக்கே போட எனக்கு என்ன உரிமை? இப்படி இன்று நினைக்கிறேன். நாளை வேறு மாதிரி நினைப்பேனோ என்னவோ.

நேற்று லோரியில் ஏற்றி அனுப்பினோம். வெய் ஹான் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டு, குலுங்காமல் பிடித்துக்கொள்வேன் என்று அடம் பிடித்தான். இறக்கிவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திரும்பி வந்தபோது அக்கா பட்டறைக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே உங்கள் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "வா, நில்லு" என்றாள். போய் நின்றேன். முதுகுப் பக்கம் வந்து தோளை அளந்தாள். நாடா இரண்டு முறை நழுவியது. "கழுதை, ஒழுங்கா நில்லுலா" என்று என்னைத்தான் திட்டினாள்.

மச்சான், எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மனுவுக்குக் கிடைத்த மாற்றலா, உங்கள் வேண்டுதலுக்குக் கிடைத்ததா என்று கேட்டால் இப்போதும் எனக்குத் தெரியாது. ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் தூக்கினால் கணக்கில் சேருமா என்பதும் தெரியாது. ஆனாலும் இன்றைக்கு விரதம் தொடங்கியிருக்கிறேன். இன்னொரு காவடிக்குச் சட்டத்தை நானே வளைத்துக் கட்டுவேன், கோணலாகத்தான் வரும். வரும் தைப்பூசத்தன்று உங்கள் சொல்லை என் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பேன். இது சத்தியம்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது, மச்சான். நான் ஊருக்கு வந்துவிட்டேன். நான் தூக்குவதைப் பார்க்கத்தான் நீங்கள் இல்லை.

நீங்கள் எனக்காக நேர்ந்துகொண்டதை அறியாமலே சிரித்துத் திரிந்த
உங்கள் மச்சினன்,
பிரபாகரன்