டில்ட் குண்டு கழன்ற வெள்ளிக்கிழமை

துபாயில் அந்தக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததுமே வாசனை வந்துவிட்டது. சூடேறிய செம்புக் கம்பிச்சுருள், பழைய பல்பு, மரப்பெட்டிக்குள் வருடக்கணக்காய்ப் படிந்த தூசி. மூன்றும் கலந்த அந்த வாசனையை சவுதியில், அல் கோபாரில் நம் கம்பெனிக் குடியிருப்பான காம்பவுண்டின் கிளப் அறையில்தான் கடைசியாக முகர்ந்தேன். நீர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. நாம் பேசுவதை நிறுத்தியோ பதினாறு வருடம்.

பின்பால் மெஷின்களுக்கென்றே ஒரு கண்காட்சி. நீர் இருந்தால் முதல் நாளே வந்து கதவு திறக்கும்வரை வாசலில் நின்றிருப்பீர். நான் கடைசி நாள் மதியம் ஷார்ஜா ரோலாவிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். வாசலில் கையில் பட்டை கட்டிவிட்ட பெண் என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்லி ஒன், சார்?" என்றாள். மனைவி சென்னையில், மகள் டொரண்டோவில் என்றெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா? ஒரு விரலைக் காட்டினேன்.

உள்ளே வரிசை வரிசையாக மெஷின்கள். தகப்பனும் மகனும், காதலனும் காதலியும் என்று எல்லோரும் ஜோடி போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் தனியாக ஒரு மெஷினில் நின்று, நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் நானே முதல் ஆளாகவும் இரண்டாம் ஆளாகவும் ஆடினேன். இரண்டாம் ஆள் உம்மைப் போலவே அவசரமில்லாமல் ஆடினார். ஜெயித்தும் விட்டார்.

நம் மெஷின் ஞாபகம் இருக்கிறதா? வேலையை முடித்து எக்ஸிட்டில் ஒரேயடியாக ஊர் திரும்பிய அமெரிக்கர் ஒருவர், சோபா, துணி உலர்த்தும் ஸ்டாண்டு எல்லாவற்றோடும் அதையும் கிளப்புக்கு விட்டுப்போனார். செத்துக் கிடந்த பெட்டி. நாம் இருவரும் பராமரிப்பு எஞ்சினியர்கள், இருவரும் திருநெல்வேலிக்காரர்கள். ஒரு குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து உயிர் கொடுத்தோம். சாய்ந்த பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் எஃகுக் குண்டு, அது கீழே விழாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள். மெஷினை லேசாக இடித்துக் குண்டைத் திருப்பலாம். ஓங்கி இடித்தால் 'டில்ட்' என்று எழுத்து எரிந்து ஆட்டம் அணைந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தூக்குக்குண்டு தொங்குகிறது, கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதைப் போல. "தட்டலாம்வே, முட்டக் கூடாது" என்பீர். நான் எப்போதும் முட்டுகிறவன்.

அந்த வெள்ளிக்கிழமைப் போட்டியை நீர்தான் நடத்தினீர். சாப்பாடு முடிந்து எல்லாக் குடும்பங்களும் கிளப்பில் கூடியிருந்தன. கடைசிக் குண்டு நடுவே இறங்கும்போது நான் இடுப்பால் ஓங்கி ஒரு இடி கொடுத்தேன். டில்ட் எரியவில்லை. ஜெயித்துவிட்டேன். கைதட்டல் அடங்குவதற்குள் நீர் பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவி அந்தத் தூக்குக்குண்டை வெளியே எடுத்தீர்.

"இது கீழ கெடக்கே. நீரா ஓய் கழட்டுனீரு?"

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று உம்மிடம், இன்னொன்று என்னிடம். அதனால் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நீர் விளையாட்டாகக் கேட்டீரா, நிஜமாகக் கேட்டீரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பதினோரு வருடம் என் வீட்டில் கை நனைத்த மனிதர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஆமா, நாந்தான். என்ன செய்யப் போறீரு?"

"கலாஸ், கலாஸ், முடிஞ்சுது விடுங்க. அடுத்த ஆள் ஆடட்டும்" என்று யாரோ சமாளித்தார்கள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. காரில் ஏறியதும் அழுகிற குரலில், "அப்பா, டிட் யூ சீட்?" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன். ஷார்ஜாவில் வேறு வேலை தேடிக்கொண்டேன். வழியனுப்பு விருந்துக்கு நீர் வந்தீர். நான் உமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிரியாணி தின்றேன்.

யார் கழற்றியது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்கு ஆகாத ஒருவர்தான் என்னை மாட்டிவிட்டார் என்று முடிவு செய்து அவருக்கும் வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீர் அனுப்பிய வாழ்த்துப் படங்களைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் விட்டேன். நீர் போன செய்தி பழைய காம்பவுண்டு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எல்லோரும் கைகூப்பியிருந்தார்கள். நானும் கூப்பினேன். உம் வீட்டு மதினிக்குப் போன் செய்யவில்லை.

கண்காட்சியில் ஒரு மெஷினை நிறுத்திவிட்டு, பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் மண்டியிட்டு அதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த கையில் அதே போல் ஒரு தூக்குக்குண்டு. யார் கழற்றியது என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நோபடி, சார். ஸ்க்ரூ லூஸ், ஃபால் டவுன். ஆல்வேஸ்."

அதிர அதிர ஒரு திருகு இளகும். முதல் வருடம் படிக்கிற பையனுக்குத் தெரியும் இது. எஞ்சினியர்கள் இரண்டு பேர் திருகை விட்டுவிட்டு மனிதரைச் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

அவர் உள்ளங்கையில் இருந்த குண்டைப் படம் எடுத்தேன். ஏன் என்று கேட்காதீர். உம் எண்ணுக்கு அனுப்பினேன். போகாது என்றுதான் நினைத்தேன். டிக் இரண்டு விழுந்து நீலமாயிற்று. நான் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது உம் பெயரோடு மணி அடித்தது. மெஷின் சத்தத்தில் கேட்காது என்று கழிவறைத் தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

மதினிதான். கேஸ்காரன், மளிகைக்காரன் எல்லோரிடமும் இந்த எண்தான் இருக்கிறதாம், அதனால் போனை மதினியே வைத்திருக்கிறார்களாம்.

"என்ன தம்பி, ஏதோ இரும்புத் துண்டு படம் அனுப்பிருக்கீக?"

திக்கித் திக்கிச் சொன்னேன். பதினாறு வருடத்துக்கு முன்னால் அதை நான் கழற்றவில்லை என்றும், அன்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன் என்றும்.

"அது அவுகளுக்கு மறுநாளே தெரியுமே. திருகுல மரை தேஞ்சு போச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டாகளே."

"பின்ன ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கதான் நாந்தான்னு நின்னீகளாமே. அவரா வந்து மெய் சொல்லட்டும்னு இருந்தாக. தீவாளிக்கு உங்களுக்கு வாழ்த்து அனுப்பிட்டுப் போனையேதான் பாத்துக்கிட்டிருப்பாக. பாத்துட்டாரு, பாத்துட்டாருன்னு சொல்லுவாக. அதுக்குள்ள நான் ரெண்டு தடவ காப்பிய சுட வைக்கணும்."

ஓய், இதை நான் மன்னிப்பதாக இல்லை. கூட்டத்தில் கேட்டவர் கூட்டத்தில்தான் திருத்தியிருக்க வேண்டும். என் மகள் முன்னால் கேட்டவர் அவள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். 'திருகு தேஞ்சிருந்துச்சு ஓய்' என்று ஒரு வரி. அந்தப் பூவும் விளக்கும் போட்ட படங்களுக்குக் கீழே அடித்திருக்கக் கூடாதா? நானும் ஒரு வரி அடித்திருக்கலாம் என்று நீர் சொல்வீர். தெரியும். சொல்ல வேண்டாம்.

அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டேன். டொரண்டோவில் காலை.

"அல் கோபார் கிளப்ல ஒரு கேம் ஆடுனோமே, நீகூட அழுதியே. அப்பா அன்னிக்கு சீட் பண்ணலம்மா."

"எந்த கேம்ப்பா? நான் அழுதேனா?" என்று சிரித்தாள். "எனக்கு ஸ்விம்மிங் பூல்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் சாக்லேட் குடுக்கிற ஒரு அங்கிள், உங்க பெஸ்ட் ஃபிரெண்ட். அவர் நல்லா இருக்காரா?"

"ம்" என்றேன். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

நான் கழற்றவில்லை. இரண்டு பேருக்குச் சொல்வதற்காகப் பதினாறு வருடம் வைத்திருந்த வார்த்தை. ஒருவருக்கு அது மறுநாளே தெரிந்திருந்தது. இன்னொருத்திக்கு அது எதைப் பற்றி என்றே தெரியவில்லை. இனி அதை யாரிடம் கொடுப்பேன்? நானேதான் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஓய்.