முத்துவெள்ளைப் பேணி

அன்புள்ள அண்ணா,

மெல்பேர்ண் விமான நிலையத்தில் என்னை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சிட்னிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் உங்கள் மனைவி, என் மச்சாள், தந்துவிட்ட பழைய பிஸ்கட் தகரப் பேணி. அதற்குள் துணியில் முடிந்த வெள்ளைத் தூள். எழுபத்தைந்து வயதுக் கிழவி எதையோ கடத்துகிறாள் என்று அந்த அதிகாரிப் பெண்ணுக்குச் சந்தேகம். அவள் முடிச்சை அவிழ்த்ததும் பழைய தேங்காயெண்ணெய் மணமும் முத்துவெள்ளை மணமும் சேர்ந்து வந்தன. என் அப்பா மேடையில் ராணியாக வருவதற்கு முகத்தில் பூசிய மா இது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஏதோ கடதாசியால் தடவி இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பித் தந்தாள்.

இதைக் கேட்டால் நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொலைபேசியில் இப்படி ஒன்றைச் சொல்லி உங்களைச் சிரிக்கவைப்பதுதானே என் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நின்று மூன்று வருடமாகிவிட்டது. நிறுத்தியவள் நான்.

அப்பாவை மேடையில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலத்தில் யாழ்ப்பாணத்து நாடகக் கொட்டகைகளில் பெரியப்பா ராஜபார்ட், அப்பா ஸ்திரீபார்ட். அண்ணன் ராஜா, தம்பி ராணி. அம்மாவின் தகப்பன் ஆர்மோனியம். வேஷத்துக்கான உடுப்புகளை அம்மா துவைத்துக் காயப்போடுவார். மொத்தக் குடும்பமும் ஒரு கம்பனி. நான் பிறந்தபோது அது கலைந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்தவர் தையல்கடை அப்பாதான். தன் வேஷத்துக்குத் தானே சட்டை தைத்துப் பழகிய கை என்பதால், அளவு நாடாவைத் தொடாமலே ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். ஒன்றுகூட அளவு பிழைத்ததில்லை.

அந்தக் கம்பனியில் ஒரு கட்டுப்பாடு இருந்ததாக நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். முகத்தில் முத்துவெள்ளை ஏறிவிட்டால், அதைக் கழுவும்வரை அப்பாவை யாரும் அப்பா என்று கூப்பிடக்கூடாது. அம்மாகூட “ராணியம்மா, தேத்தண்ணி” என்றுதான் கொடுப்பாராம். இதை நடித்துக் காட்டிச் சிரிப்பீர்கள். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அது அப்போது என் மனதில் படவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய, மெல்பேர்ண் நோபல் பார்க் மண்டபத்து விழாவின் கதைக்கு வருகிறேன். பழைய நாடகக்காரரை நினைவுகூர ஊர்ச் சங்கத்தார் வைத்த விழா. அப்பாவைப் பற்றிப் பேச உங்களை அழைத்திருந்தார்கள். நான் சிட்னியிலிருந்து வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். திரையில் ஒரு படம் விழுந்தது. முறுக்கிய மீசை, கிரீடம், கையில் வாள். இவர்தான் எங்கள் அப்பா, பெயர்பெற்ற ராஜபார்ட் என்று சொன்னீர்கள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அது பெரியப்பா. அம்மாவின் பெட்டிக்குள் அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன். ராஜாவுக்குப் பக்கத்தில் ராணியாக அப்பா நிற்பார். நீங்கள் ராணியை வெட்டிவிட்டு, பெரியப்பாவின் மீசையை எடுத்து அப்பாவுக்கு ஒட்டிவிட்டீர்கள். அறுபது வருடம் வெளிநாட்டில் வாழ்ந்த மனிதருக்கு, தகப்பன் சீலை கட்டி நடித்ததைச் சொல்ல இன்னுமா வெட்கம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. எழும்பிவிட்டேன்.

“அது பெரியப்பா. எங்கட அப்பா ஸ்திரீபார்ட். அதைச் சொல்ல அண்ணாக்கு வெக்கம்.”

மண்டபத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டினார்கள். பேரப்பிள்ளைகள் வயதில் இருந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு ஆங்கிலத்தில் பாராட்டினார்கள். வானொலிக்காரர் ஒருவர் அங்கேயே பேட்டி எடுத்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. நீங்கள் எங்கே என்று தேட அரைமணித்தியாலம் எடுத்தது. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தீர்கள். தட்டினேன். கண்ணாடியை இறக்கி, “கவனமாய்ப் போயிட்டு வா, பிள்ளை” என்று மட்டும் சொன்னீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அழைப்பு எடுக்கவில்லை. பொய் சொன்னவர்தான் முதலில் பேசவேண்டும் என்று நானும் எடுக்கவில்லை. எத்தனையோ தடவை கை தொலைபேசிவரை போய்த் திரும்பியது. அந்த வீம்பு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, இப்போது சொல்ல வாய் கூசுகிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததே எனக்குத் தெரியாது. உங்கள் மகன் அழைப்பு எடுத்துச் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

சிட்னிக்கு வந்து சேர்ந்ததும், மெரிலேண்ட்ஸ் வீட்டுக் குசினி மேசையில் வைத்துப் பேணியைத் துப்புரவாக்கினேன். அடியில் ஒரு பத்திரிகைத் தாள். அதற்குக் கீழே படத்தின் மற்றப் பாதி. எறிந்துவிட்டீர்கள் என்று நான் நினைத்திருந்த பாதி. சீலையும் நெற்றிச்சுட்டியுமாக அப்பா. அந்தச் சீலைத் தலைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி, சின்ன இளவரசன் உடுப்பில் ஒரு பிள்ளை. ஆறேழு வயது இருக்கும்.

நூறு தடவை பார்த்த படம் என்றேன். அந்தப் பிள்ளையை நான் ஒருநாளும் பார்க்கவில்லை, அண்ணா. என் கண் ராணியோடு நின்றுவிட்டது. மூக்கையும் அந்தத் தூக்கிய புருவத்தையும் பார்த்ததும் அது நீங்கள் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் வெட்டியது அப்பாவை அல்ல, உங்களை. தலைப்பைப் பிடித்திருந்ததால் அப்பாவும் கூடப் போயிருக்கிறார்.

மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். தனக்கும் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் சொன்னீர்கள் என்றார்.

நாடகத்தின் கடைசியில் இளவரசன் இறந்துவிடுவான். ராணியின் மடியில் கண்ணை மூடிக் கிடக்கவேண்டும், உங்கள் வேலை அவ்வளவுதான். ஒத்திகையில் ஒரு குறையும் வைக்கவில்லையாம். மேடையேறிய அன்றைக்கு அப்பா ஒப்பாரி பாடியபோது ஒரு சொட்டுக் கண்ணீர் உங்கள் கன்னத்தில் விழுந்திருக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தீர்கள். முத்துவெள்ளை கரைந்து அப்பாவின் கன்னத்தில் கோடு ஓடியிருந்தது. செத்த பிள்ளை கையைத் தூக்கி ராணியின் கண்ணைத் துடைத்து, “அப்பா, அழாதையுங்கோ” என்றது.

கொட்டகை முழுதும் சிரித்தது. திரையை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா எந்த ஊரில் மேடையேறினாலும் முதல் பாட்டிலேயே யாராவது எழும்பி “அப்பா, அழாதையுங்கோ” என்று கத்துவார்களாம். நாலைந்து தடவை பார்த்துவிட்டு அப்பா வேஷம் கட்டுவதை விட்டார். பெரியப்பா வேறொரு ஸ்திரீபார்ட்டைக் கூட்டிக்கொண்டு மலேயாவுக்குக் கப்பலேறினார், திரும்பி வரவேயில்லை. அப்பா உங்களை ஏசவில்லை. அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

“ஏசியிருந்தால் ஆறியிருப்பன் எண்டு சொன்னவர்,” என்றார் மச்சாள். “அப்பாவின்ரை மேடையை நான்தான் பறிச்சனான் எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர்.”

எண்பத்தைந்து வயதில் அழுதிருக்கிறீர்கள். நான் அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்து, சபையில் எழுந்து சொல்லி, கைதட்டும் வாங்கினேன்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் தையல்கடை ஞாபகம் வந்தது. எனக்குப் பதினைந்து வயதிருக்கும். நீங்கள் வெளிநாடு போய்விட்டிருந்தீர்கள். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நான், ஏன் நாடகத்தை விட்டனீங்கள் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் மெஷின் மிதிப்பதை நிறுத்தவில்லை.

“ஒருக்கா நான் மேடையிலை அழுத நேரம், உண்மையெண்டு நம்பி ஒரு ஆள் என்ரை கண்ணைத் துடைச்சுவிட்டுது. உலகம் சிரிச்சது, சிரிக்கட்டும். அதைவிடப் பெரிய கைதட்டு எந்த நடிகனுக்கும் கிடைக்காது, பிள்ளை. எனக்கு அது போதும்.”

யாரோ பைத்தியக்கார ரசிகன் மேடையில் ஏறியிருப்பான் என்று நினைத்தேன். யார் என்று கேட்கக்கூட இல்லை. பொத்தானைத் தைத்து முடித்துவிட்டு மறந்துபோனேன்.

அடுத்த மாதம் இங்கேயும் ஒரு விழா. அப்பாவைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பேசவேண்டிய இடத்தில் பேசாத வாயை மறுபடி மேடையில் திறக்க மனமில்லை. படத்தின் பாதியைப் பேணிக்குள்ளேயே வைத்துவிட்டேன், முத்துவெள்ளையோடு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசி பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் இலக்கத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அப்பா உங்களைப் பற்றிச் சொன்னது நாலு வசனம். அறுபது வருடமாக அது என்னிடம்தான் இருந்தது.

உங்கள் தங்கச்சி