வாசலில் வைத்த அடுப்பு

1. இம்மடலை எழுதும் நான், நீடாமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பண்ணையாள் வீரனுக்கு மகனாகப் பிறந்தவன்; வயது எழுபத்திரண்டு; மன்னார்குடியில் வழக்கறிஞர்.

2. இது எழுதப்படுவது என் தாயாகிய உனக்கு. நீ காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன.

3. இதில் கூறியவை நான் நேரில் கண்டவை. எனக்குப் பெருமை தராத செய்தி ஒன்றும் இதில் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

அம்மா, நேற்று இங்கிலாந்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே கைப்பிடி வைத்த ஓர் அலுமினியப் பாத்திரம். மூடியைத் திறந்ததும், அடியில் பழுப்பாகப் படிந்திருந்த பால் கறையை அடையாளம் கண்டுகொண்டேன். மேல்படிப்புக்காகப் போன ஓராண்டு நான் தங்கியிருந்த வீட்டின் பாத்திரம் அது. அந்த வீட்டு மகள் ஜோன் ஒரு சீட்டு வைத்திருந்தார்: 'அம்மா போய்விட்டார். வீட்டைக் காலி செய்கிறோம். உங்கள் பண்டிகைக்குப் பிறகு அவர் இதில் வேறெதுவும் சமைக்கவில்லை.'

அந்தப் பண்டிகையைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் நீ வைத்த பொங்கலைச் சொல்ல வேண்டும்.

நம் தெருவின் வழக்கம் உனக்குத் தெரியாததன்று. பண்ணை வீட்டில் பானை பொங்கியதும் வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகே நாம் அடுப்பு மூட்டலாம். அதுவும் வாசலில் அல்ல, கொல்லையில். ஆட்சி மாறி, குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் வந்து, உன் கையில் மனைப்பட்டா கிடைத்த ஆண்டின் பொங்கல் அது. அறுவடைக் கூலித் தகராறில் கைதான அப்பா தஞ்சாவூர்ச் சிறையில் இருந்தார். ஜாமீன் மனு அடுத்த வாரம் விசாரணைக்கு வரவிருந்தது. நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன்.

விடியும்போது நீ மூன்று செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாய். அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உன்னை மறித்தேன்.

"கொல்லையிலேயே வச்சிரலாம்மா. ஜாமீன் வர்ற நேரம். எதுக்கு வம்பு?"

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "படிச்ச புள்ள, நீ போயி கொல்லையில நில்லு. பொங்கினதும் கூப்புடுறேன்."

அக்கா சிரித்துவிட்டாள். நான் கொல்லைக்குப் போகவில்லை; ஆனால் வாசலுக்கும் வரவில்லை. நிலைப்படிக்குள்ளேயே நின்றேன். புகையைக் கண்டு பண்ணைக் காரியக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வெடிச் சத்தமே கேக்கல, அதுக்குள்ள என்ன அவசரம்?"

நீ அடுப்பை விட்டு எழவில்லை. "சூரியன் வந்துருச்சுங்க. அது வெடிக்குக் காத்திருக்கலையே."

"இதென்ன புதுப் பழக்கம்? வாசல்ல?"

"பட்டாவுல வாசலையும் சேத்துத்தாங்க எழுதியிருக்கு. வேணும்னா எம்மவன் படிச்சுக் காட்டுவான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டாவை எடுத்து வரவில்லை. பால் பொங்கி வழிந்தது. நீயும் அக்காவும் குரல் கொடுத்தீர்கள். காரியக்காரர் சைக்கிளைத் திருப்பினார். அவர் தெருமுனையைக் கடக்குமுன் இன்னும் எட்டு வாசல்களில் புகை எழுந்தது. மறுவாரம் அப்பாவுக்கு ஜாமீன் கிடைத்தது. வாசலில் பொங்கியதை எதிர்மனுவில் எவரும் குற்றமாக எழுதவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, அந்த அயல்நாட்டு வீட்டில் பொங்கல் வைக்க விரும்பினேன். என் இயல்புப்படி எழுதியே அனுமதி கேட்டேன். வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகும்போது கொண்டுபோகும் மண்ணெண்ணெய் அடுப்பைத் தந்தார். வீட்டு அம்மையார் இந்தப் பாத்திரத்தைத் தந்தார். வெல்லத்துக்குப் பழுப்புச் சர்க்கரை. மஞ்சள் கொத்து கிடைக்காததால் மஞ்சள் தூளைக் குழைத்துப் பாத்திரத்தில் பூசினேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், குளிரில் உட்கார்ந்து காத்திருந்தேன்; அவர்கள் காலையுணவு முடிக்கட்டும், பிறகு அடுப்பு மூட்டலாம் என்று. அப்படி எவரும் என்னிடம் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மையார் கதவைத் திறந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நம் பேச்சிலேயே உனக்குச் சொல்கிறேன்.

"எங்க மூணு பேருக்கும் பசி உயிர் போவுது தம்பி. ஒன் பண்டிகை, நீ ஆரம்பிக்காம நாங்க எப்புடிச் சாப்புடுறது?"

"நீங்கள் முடிப்பதற்காகத்தான் காத்திருந்தேன்."

"நல்ல ஆளுதான் போ. அது சரி, எதுக்கு இங்க வந்து குந்தியிருக்கே? வாசல் என்ன கடிச்சா வைக்குது?"

வழக்கம் என்றேன். யாருடைய வழக்கம் என்று அவர் கேட்டார். சூரியன் மேகத்துக்குள் இருந்தது. ஆனாலும் உன் குரல் தெளிவாகக் கேட்டது. அடுப்பைத் தூக்கினேன். சமையலறை, கூடம் எல்லாம் கடந்து தெருப்பக்கக் கதவைத் திறந்து படியருகே வைத்தேன். தெருவில் போனவர் ஒருவர், "தீப்பிடிச்சிருச்சா?" என்று ஓடி வந்தார். "இல்லைங்க, பண்டிகை" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். பால் பொங்கியபோது நான் "பொங்கலோ பொங்கல்" என்றேன். மூவரும் தங்கள் நாக்குக்கு வந்தபடி கூவினார்கள். ஜோன்தான் எல்லாரிலும் உரக்கக் கூவினார்.

இதை விவரமாக உனக்கு எழுதினேன். நீ அக்காவிடம் சொல்லி எழுதவைத்த பதில் ஒரே வரி: 'வாசலுக்கு வர ஒனக்கு ஏரோப்ளேன் ஏற வேண்டியிருந்துச்சா தம்பி?'

அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவேயில்லை. பின்னாளில் மன்னார்குடியில் வீடு கட்டியபோது, வாசலைக் குறைத்தால் ஓர் அறை கூடும் என்றார் பொறியாளர். சம்மதிக்கவில்லை. என்னிடம் வழக்குக்கு வரும் நம் தெருக்காரர்கள் இன்றும் சிலர் பக்கவாட்டுச் சந்தில் ஒதுங்கி நிற்கிறார்கள். நானே எழுந்துபோய், "வாசல் வழியா வாங்க" என்று அழைக்கிறேன்.

இன்று பொங்கல். காலையில் இந்தப் பாத்திரத்தை அந்த வாசலில்தான் ஏற்றினேன். எவர் சத்தத்துக்கும் காத்திருக்கவில்லை. பால் பழைய கறையின் மீதே வழிந்தது.

உன் கேள்விக்கான பதிலை இப்போது பதிவு செய்கிறேன். ஆம், அம்மா. வேண்டியிருந்தது. உனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்படிக்கு,
உன் மகன்
வீ. மாரிமுத்து

சாட்சிகள்:
1. செல்லம்மாள், என் அக்கா. முதல் வாசலில் கோலமிட்டவர்.
2. ஜோன், இரண்டாம் வாசலில் உரக்கக் கூவியவர், பார்சலில் வந்த சீட்டே அவர் ஒப்புதல்.