குளக்கட்டுச் சரிவில் நின்ற கார்

நாளைக்கு உங்கள் ஆண்டுத் திவசம். வாசலில் பந்தல் போட வேண்டுமென்று காலையில் காரைப் பின்வளவுக்குத் தள்ளச் சொன்னேன். காரை மூடியிருந்த படங்கை விலக்கி நான்தான் கதவைத் திறந்தேன். கருகின பெயின்ற் வாடையும் பழைய எண்ணெய் வாடையும் முகத்தில் அடித்தன. இவ்வளவு காலமும் பூட்டிக் கிடந்தும் போகவில்லை. அப்படியே கதவடியில் குந்திவிட்டேன்.

உங்கள் அக்கா குசினியில் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தா. அவவுக்கு முதுகிலும் கண். “அத இன்னும் என்னத்துக்குக் கட்டி வச்சிருக்காய்? நீ அந்தக் கம்பிய ஒட்டிக் குடுக்காட்டி என்ட தம்பி வீட்டிலதானே இருந்திருப்பான். நெஞ்சு நோகுது எண்டு சொல்ல ஒரு ஆளாவது பக்கத்தில இருந்திருக்கும்” என்றா. செத்த வீட்டிலேயே சொன்ன கதைதான்.

நான் வாய்க்காரி என்று ஊருக்கே தெரியும், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கதைக்கு மட்டும் எனக்கு வாய் வருவதில்லை. என் கைவேலைதானா உங்களைக் கொண்டுபோனது என்று அவ கேட்க முதலே நான் என்னைக் கேட்டாகிவிட்டது. இன்றைக்கு அதை உங்களோடு கதைத்துத் தீர்க்கப்போகிறேன். குறுக்கே விழாமல் கேளுங்கள். உங்களுக்கு அது பழக்கமில்லைதான்.

சீனி வருத்தத்தில் உங்கள் வலக்கால் விரல்களை எடுத்தார்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். ஆஸ்பத்திரியால் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் நீங்கள். அக்சிலேட்டரை மெல்ல அமத்தலாம், பிரேக்கை மிதிக்கத்தான் காலில் வலு இல்லை. பழைய காரின் பிரேக் ஒரு எருமை. நல்ல காலுள்ளவனுக்கே மல்லுக்கட்டு. வயல் வட்டைக்குக் கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். ஓட்டோவில் பின்சீற்றில் இருந்து என் வயலைப் பார்க்க நான் என்ன விருந்தாளியா என்று எரிந்து விழுந்தீர்கள். கதிர் தள்ளிய காலத்தில்கூட எழும்பவில்லை. ஒருநாள் சோற்றுக் கோப்பையை வைக்கும்போது, “புள்ள, என்னக் கண்டா ஆக்கள் குரல மாத்திக் கதைக்கிறாங்கள்” என்றீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வெல்டிங் பழகின கதையே ஒரு கூத்து. பெண்களுக்குத் தொழில் பழக்குகிறோம் என்று வந்தவர்களிடம் தையலுக்குப் பேர் கொடுக்கப் போனேன். தையல் நிரம்பிவிட்டது, வெல்டிங்கில்தான் இடம் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே! பழகி முடித்துக் கோழிக்கூட்டுக் கதவொன்று ஒட்டினேன், ஒரு யன்னல் கம்பி ஒட்டினேன். அவ்வளவுதான் என் அனுபவம். அந்த அனுபவத்தோடு, கையால் இழுத்தே காரை நிறுத்துகிற மாதிரி ஒரு நீட்டு ஹான்ட்பிரேக் செய்து தருகிறேன் என்றேன். டவுனில் கராஜ்காரர் மாட்டேன் என்று கையை விரித்த வேலை அது. நீங்கள் சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினீர்கள். மாதக்கணக்கில் முதல் தரம்.

அளவெடுத்ததை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வரும், சிரித்துக்கொண்டே அழுகையும் வரும். கதிரையில் உங்களை இருத்தி, விளக்குமாற்றுக் கட்டையை இடப்பக்கம் நிறுத்தி, இழுங்கள், இன்னும் இழுங்கள் என்றேன். உங்கள் கைக்கு எந்த உயரத்தில் பலம் கூட என்று பார்த்துக் கட்டையில் கரியால் கோடு போட்டேன். பழைய இரும்புக் கடையில் ஒரு லொறியின் ஹான்ட்பிரேக் கிடந்தது. இழுக்க இழுக்கப் பல்லுப் பல்லாக ஏறி நிற்கிற அந்தப் பாகத்தையும் பிடியையும் வெட்டியெடுத்து, நடுவில் தடித்த குழாய் வைத்து நீட்டினேன்.

காரின் அடித்தகரம்தான் என்னைக் கொன்றது. வாவியின் உப்புக் காற்றுப் பட்டு உக்கின தகரம். நெருப்பு வைத்த இடமெல்லாம் ஓட்டை. மூட மூடப் பெருத்தது. வாசலில் கதிரை போட்டிருந்த நீங்கள் எட்டிப் பார்த்து, “காருக்குள்ள இடியப்பத் தட்டொண்டு செய்யிறாய் போல” என்றீர்கள். சுத்தியலை உங்கள் பக்கம் எறியலாம் போல இருந்தது. பிறகு சீற் பற்றிவிடும் என்று பயந்து நெல்லுச் சாக்குகளை நனைத்துப் போட்டேன். கிணறு தூரம், வாவி பக்கத்தில். வாவித் தண்ணியிலேயே தோய்த்தேன். உப்புத் தண்ணியில் ஊறின சாக்கில் முழங்கால் ஊன்றி வெல்டிங் கம்பியை மாற்றக் கை வைத்ததுதான், கரண்ட் என்னைத் தூக்கி வெளியே போட்டது. நீங்கள் கட்டுப்போட்ட காலோடு ஓடிவந்தீர்கள். ஓடிவந்தீர்கள்! “வேணாம் புள்ள, கார் கிடந்து உக்கட்டும், நீ கிடந்தாக் காணும்” என்று என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அன்றைக்கு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. உக்கினதை வெட்டி எறிந்து, காருக்கு அடியில் ஓடுகிற தடித்த இரும்பில் ஒரு தகடு வைத்து ஒட்டி, அதன்மேல் லீவரை நிறுத்தினேன். ஒட்டின இடம் பார்க்க அழகில்லை. வாந்தி எடுத்த மாதிரி என்று நானே சொன்னேன்.

பரிசோதிக்கக் குளக்கட்டுச் சரிவுக்குக் கொண்டுபோனோம். பாதிச் சரிவில் ஏற்றி, லீவரை இழுத்து, காலை எடுக்கச் சொன்னேன். நான் போய்க் காருக்குப் பின்னால் நின்றேன். கண்ணாடியில் என்னைக் கண்டு கத்தினீர்கள்.

“விலகு புள்ள! விசரா உனக்கு?”

“ஒட்டினது நான். நிக்கிறதும் நான். கால எடுங்க.”

நீங்கள் எடுக்கவில்லை. நானும் விலகவில்லை. கடைசியில் எடுத்தீர்கள். கார் ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே நின்றது. பெருமைக்காக நான் அப்படி நிற்கவில்லை. அது பிடிக்காவிட்டால் நாளைக்கு நீங்கள் போய் எங்கேயோ விழுவதைவிட இன்றைக்கே என்மேல் வரட்டும் என்றிருந்தது. இதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் காரையே எரித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பழைய ஆள். மாட்டுவண்டி வேகத்தில் ஒவ்வொரு நாளும் வட்டைக்குப் போய், தண்ணிக்குச் சண்டை பிடித்து, வெயிலில் கறுத்து வந்தீர்கள். ஆட்கள் உங்களோடு சாதாரணக் குரலில் கதைத்தார்கள், திட்டினார்கள். அறுவடை தொடங்கின அன்று நானும் வாறேன் என்றேன். “நீ என்னத்துக்கு? ஒரு நடை பாத்திட்டு வாறன்” என்றீர்கள். நானும் சரி என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வயல்காரத் தம்பிதான் வந்து சொன்னான். குளக்கட்டிலிருந்து வட்டைக்கு இறங்குகிற சரிவில் கார் நின்றதாம். வயலைப் பார்க்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் ஒருவரும் கிட்டப் போகவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உங்கள் உடம்பில் வயல் தூசி அப்படியே இருந்தது.

உங்களை எடுத்த மறுநாள் அந்தத் தம்பி திரும்பவும் வந்து படலையில் தயங்கி நின்றான். கார் வழியை மறித்து நிற்கிறது, வெட்டு மெசின் இறங்க ஒண்ணாமல் கிடக்கிறது, வானம் கறுக்குது என்றான். ஹான்ட்பிரேக்கை விட எல்லோரும் பார்த்தார்களாம், ஒருவராலும் ஏலவில்லையாம். எட்டாம் நாள் செலவு முடியாமல் தாலி இழந்தவள் படலை தாண்டுவதா என்று உங்கள் அக்கா குறுக்கே நின்றா. ஊரின் நெல்லு மழையில் கிடந்தால் அவர் எழும்பி வந்து ஏசுவார் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நீங்கள் ஒருநாளும் சரிவில் காரை விடுகிறவரல்ல. கீழே மருதமரத்தடியில்தான் விடுவீர்கள். சரிவில் நின்று அந்த மரத்தடியைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பார்சல் தாள்கள் காற்றில் சிதறிக் கிடந்தன.

“அண்டைக்கு அவர் வரக்குள்ள நீங்க எங்க நிண்டீங்க?” என்று தம்பியைக் கேட்டேன்.

“நாங்க எல்லாரும் உந்த மரத்துக்குக் கீழதான் அக்கா. சாப்பிட்டுக்கிட்டிருந்தம். பொம்பிளயளும் இருந்தாங்க.”

உங்கள் சீற்றில் ஏறி இருந்தேன். லீவர் கடைசிப் பல்லுவரை ஏறியிருந்தது. அதற்கு மேல் ஏற வேறு பல்லு இல்லை. விடுவதானால் முதலில் இன்னும் ஒரு பொட்டு இழுத்துத்தான் பிடியை அமத்த வேண்டும். நான் இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை. காலை முன்தகட்டில் ஊன்றி முழு உடம்பாலும் இழுத்த பிறகுதான் விட்டது. நெஞ்சு வெடிக்கிற நேரத்தில், ஒற்றைக் கையால், நீங்கள் அதை அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறீர்கள். குனிந்து ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மயிரளவு வெடிப்பும் இல்லை. அது பிடித்திராவிட்டால் கார் நேரே அந்த மரத்தடிக்குத்தான் ஓடியிருக்கும்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்கும் தெரியாது, மரத்தடியில் சோறு தின்றவர்களுக்கும் தெரியாது. நாளைக்குப் படையல் முடிந்ததும் உங்கள் அக்காவை அந்தச் சீற்றில் இருத்தி, கடைசிப் பல்லுவரை இழுத்துப் பாருங்க மச்சாள் என்று சொல்லப்போகிறேன். நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் அவவுடைய பாடு. அதை ஒட்டிக் கொடுத்ததற்கு நான் இனி ஒருவரிடமும் தலை குனியமாட்டேன். ஆனால் அந்தச் சரிவில் நெஞ்சு நோ வந்தபோது நீங்கள் இறுக்கிப் பிடிக்க என் கை அங்கே இருக்கவில்லை. நான் செய்த இரும்புதான் இருந்தது. அது உங்களைக் கைவிடவில்லை என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லி மனதைத் தேற்றப் பார்க்கிறேன். தேறுதில்லை.