அப்பாவுக்கு யார் நிறம் ஏற்றியது

நெய்வேலி,
16.3.2014

அன்பு மகன் அன்புச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்தக் குளிர்தேசத்தில் நீ சளி பிடிக்காமல் இருக்க அங்காளம்மன் துணை. அப்பாவுக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். குவார்ட்டர்ஸ் பின்னால் முருங்கை பூத்திருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது பழைய நெகட்டிவ்களை எடுத்துப்போனாயே, நீ ஸ்கேன் செய்து அனுப்பிய படங்களும் நெகட்டிவ்களும் வந்து சேர்ந்தன. வடலூர் தைப்பூசத்தன்று எடுத்த அப்பா படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். சுரங்கத்து வெயிலில் கறுத்த மனுஷன் பவுடர் பூசின மாதிரி நிற்கிறார். நெற்றி நிறைய இட்ட திருநீற்றைக் காணோம். பெண் வீட்டாருக்குக் காட்டத்தான் படம் என்று நீயே போனில் சொன்னாய். அதனால் நீதான் அப்பாவை வெளுக்க வைத்தாயோ என்று எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அப்பாவோ மீசையைத் தடவிக்கொண்டு, நல்லாத்தான் கீறேன் வுடு என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நெகட்டிவை எடுத்துக்கொண்டு குள்ளஞ்சாவடியில் ரியாசுதீன் பாய் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் ஸ்கேனரில் வைத்தார், அங்கேயும் அதே வெளுத்த முகம்தான் வந்தது. என் பிள்ளை உங்களிடமும் போனில் பேசிவிட்டானா என்று கேட்டே விட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ஆட்டோமேட்டிக்குல வுட்டா அப்படித்தாங்க. இருட்டா இருந்தா தப்புன்னு நெனச்சிக்கினு மெஷினே வெளிச்சத்த ஏத்திடும்” என்றார். பிறகு வெளிச்சத்தைக் கையால் குறைத்தார், கருப்பு எங்கே நிற்கணும் வெள்ளை எங்கே நிற்கணும் என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது, திருநீறு மூன்று கோடும் பளிச்சென்று எழுந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

மெஷின் வெளுத்தது, சரி, நம்புகிறேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தானே நீ பிரிண்ட் போட்டாய்? இது என் அப்பா இல்லையே என்று உனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா? இதற்கு மட்டும் மழுப்பாமல் பதில் எழுது.

பாய் போட்டுக் கொடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பெண் வீட்டாருக்கு இதைக் காட்டு. இந்த முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வரட்டும். நீ நூறு வயசு நன்றாக இருக்கணும். எண்ணெய் தேய்த்துக் குளி, மறக்காதே.

உன் கறுத்த அம்மா,
அம்சவல்லி