கூரையில் நான்கு ஆணித் துளைகள்

அண்ணா,

இன்று காலை நீங்கள் போட் ஒட்டும் றெசின் வாளியைத் திறந்தேன். கடைப் படிக்குக் கீழே, நீங்கள் வைத்த இடத்திலேயே, சாக்கால் மூடியபடி இருந்தது. மூடியை நெம்பியதும் அந்த மணம் மூக்கில் ஏறியது. உங்கள் சட்டையிலும் தலைமயிரிலும் இருந்த மணம். நீங்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகும் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த மணம். வாளியின் அடியில் மிச்சமிருந்தது கல்லாக இறுகிவிட்டது. இனி அதை வைத்து எதையும் ஒட்ட முடியாது. ஆனாலும் எறியவில்லை. மூடித் திரும்ப வைத்தேன்.

ஏன் திறந்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் சாப்பாட்டுக் கடைக் கரவனில் இப்போது ஒரு சொட்டும் ஒழுகுவதில்லை. ஐப்பசி பிறந்து மழை நான்கு தரம் பெய்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் அம்மா மாப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கிறார். பிறகு பிட்டுக் குழலை அடுப்பில் வைக்கிறார்.

அதைக் கொண்டுவந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீதி போட வந்த கம்பனி ஒன்று வேலை முடிந்து போகும்போது தம்பலகாமத்தில், பெரியப்பாவின் காணி ஓரத்தில் விட்டுப்போன இழுவை வண்டி. உள்ளே இரண்டு கட்டில், ஒரு சின்னக் குசினி, நான்கு யன்னல். யாரோ எஞ்சினியர் அதற்குள்தான் தங்கியிருந்தாராம். பெரியப்பா அதில் கோழித் தீன் அடுக்கியிருந்தார். நீங்கள் அதை ட்ரக்டரில் கொழுவி, வள்ளங்கள் கட்டும் ஜெட்டியடிக்கு இழுத்து வந்தீர்கள். நான் ட்ரக்டர் சில்லுக்கு மேலுள்ள தகட்டில் குந்தியிருந்து, கரவன் பின்னால் வருகிறதா என்று வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு பக்கச் சுவரில் சாப்பாடு கொடுக்கக் கதவு வெட்டினீர்கள். கட்டில்களைக் கழற்றி அம்மாவுக்கு மேசை செய்தீர்கள். கடைசியாகக் கூரையில் ஏறி அந்தப் பலகையைப் பூட்டினீர்கள். நீலப் பலகை, மஞ்சள் எழுத்து, என் பெயர். வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் அதே எழுத்து. எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டும் போலிருந்தது.

“என்னத்துக்கு என்ர பேர்? அம்மான்ர பேரைப் போட்டிருக்கலாமே.”

“அம்மாவை ஊருக்கே தெரியும். உன்னைத்தான் ஒருத்தருக்கும் தெரியாது, ஊமைச்சி.”

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அம்மாவுக்குக் கைக்கு ஆள் தேவை என்பது ஒரு காரணம். எழுந்து நின்று பதில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும் என்பது மற்றது. இரண்டாவதை நான் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. “பள்ளிக்கூடத்திலதான் வாயைத் திறக்கேல்ல. கடையிலயாவது திற” என்றீர்கள். நான் திறக்கவில்லை. மீன் லொறிக்காரர்கள் பலகையை வாசித்துவிட்டு என் பெயரைக் கூப்பிட்டு இடியப்பம் கேட்பார்கள். நான் சொதிச் சட்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். அம்மாதான் “ஓம் தம்பி, இந்தா” என்பார்.

என் வேலை யன்னல் துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும். மரக்கறித் தோலை வீதியில் திரியும் மான்களுக்குக் கொட்டுவதும். யன்னல் துடைக்கும்போது ஒன்றைக் கவனித்திருந்தேன். ஒவ்வொரு யன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பிலும், வெளிப்பக்கம், அரிசி நீளத்தில் இரண்டு வெட்டுத் துவாரங்கள். நான் ஊற்றும் சவர்க்காரத் தண்ணீர் யன்னல் ஓடும் பள்ளத்தில் சேர்ந்து, அந்தத் துவாரங்களால் வெளியே வழிந்துவிடும். யாரோ யோசித்துத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

போன வருடம் ஐப்பசியில் முதல் மழை பெய்தபோது மாப் பெட்டிக்கு மேலிருந்த யன்னல் மூலையில் சொட்டியது. நீங்கள் போட் யார்டில் வேலை முடிந்து நேரே வந்தீர்கள். கையில் சிலிக்கோனும் றெசின் வாளியும் இருந்தன. உடைந்த பைபர் போட்டுக்கு அடி வைக்கிற மாதிரி, கண்ணில் பட்ட எல்லா இடைவெளியையும் அடைத்தீர்கள். யன்னலைச் சுற்றி அடைத்தீர்கள். அந்த அரிசித் துவாரங்களையும் அடைத்தீர்கள். நான் பக்கத்தில் துணியோடு நின்றேன். அது தண்ணீர் போகிற வழி என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நீங்கள் வேலை தெரிந்தவர், நான் யன்னல் துடைக்கிறவள்.

“இப்ப இதைக் கடல்ல இறக்கினாலும் மிதக்கும், அம்மா” என்றீர்கள்.

“மிதந்தால் நான் ஆருக்குப் பிட்டு விக்கிறது? மீனுக்கோ?” என்றார் அம்மா.

இரண்டு கிழமை சொட்டவில்லை. கார்த்திகையில் சுவர் பூரி மாதிரி உப்பியது. உள்ளே அடித்திருந்த மெல்லிய பலகையில் கறுப்புப் புள்ளிகள் பூத்தன. ஈரச் சாக்கு மணம். அந்த நேரம் பார்த்து சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ, வந்தார். நல்ல மனிசன், சத்தம் போடவில்லை. உப்பிய இடத்தில் விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

“இதுக்குப் பக்கத்தில மா வைக்க ஏலாது அம்மா. ரெண்டு கிழமை தாறன். சுவர் காயாட்டி கடையை மூடத்தான் வேணும்.”

அவர் போனதும் அம்மா உங்களிடம் மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இதுவும் இல்லாட்டி நான் பழையபடி ஆக்களின்ர குசினியில போய்த்தான் சமைக்க வேணும்.” அன்று பின்னேரமே இன்னொரு சிலிக்கோன் குழாய் வாங்கி வந்து, அடைத்ததற்கு மேல் அடைத்தீர்கள். அடுத்த மழைக்குச் சுவர் இன்னும் உப்பியது. உப்பிய பலகையை வெட்டி எடுத்தீர்கள். உள்ளே மரச் சட்டம் ஊறிய பாண் மாதிரி இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் ரப்பர் குழாயை இழுத்து வந்து கூரையிலிருந்து தண்ணீர் அடித்தீர்கள். எல்லா இடமும் நனைந்தது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மூன்று தரம் அப்படியே செய்தீர்கள். நான்காவது தரத்துக்கு நான் சொன்னேன்.

“கீழயிருந்து அடியுங்கோ.”

“என்ன?”

“கீழயிருந்து. மேல அடிச்சால் எல்லாம் நனையும். கீழ காஞ்சிருந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.”

நீங்கள் குழாயைப் பிடித்தபடி என்னையே பார்த்தீர்கள். “அம்மா, இஞ்ச ஓடி வாங்கோ, ஊமைச்சி கதைக்குது!” என்று கத்தினீர்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனால் சொன்னபடியே செய்தீர்கள். நான் டோர்ச்சோடு உள்ளே இருந்தேன். நீங்கள் வெளியே ஒரு முழ இடத்துக்குத் தண்ணீர் அடிக்க, நான் நூறு எண்ணுவேன். ஒன்றும் வராவிட்டால் “இல்லை” என்பேன். நீங்கள் ஒரு முழம் மேலே போவீர்கள்.

யன்னலுக்கு வந்தபோது முப்பது எண்ணுவதற்குள் பள்ளம் நிரம்பி உள்ளே வழிந்தது. “வருது” என்றேன். பிறகு மெதுவாக, “கீழ ஓட்டை இருந்தது. நீங்கள் அடைச்சது.” நீங்கள் கத்தியை எடுத்து அடைத்ததை வெட்டினீர்கள். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. நான் தகரப் பேணியை வைத்தேன். பேணி நிரம்பியது. நான்கு யன்னலுக்கும் அப்படித்தான்.

“போட்டுக்கு ஓட்டையே கூடாது. இதுக்கு ஓட்டை வேணுமாம். இதென்னடா சாமான்” என்று தலையைச் சொறிந்தீர்கள். திரும்ப அடித்தபோது யன்னல் வழியாக ஒரு துளியும் வரவில்லை. ஆனால் துவாரங்களை அடைக்க முதலே, முதல் மழைக்கே சொட்டியதே? அதனால் கூரைக்கு ஏறினீர்கள். காற்றுப் போகும் மூடியில் நூறு. ஓரத் தகட்டில் நூறு. பிறகு பெயர்ப் பலகையின் காலடி.

அறுபது எண்ணியபோது கூரையின் உள்பக்கம், பலகைக்கு நேர் கீழே, ஒரு துளி திரண்டது. அது கீழே விழவில்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு யன்னல் மூலை வரை ஓடி அங்கேதான் சொட்டியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. பலகையைப் பூட்டிய நான்கு ஆணிகளும் கூரையைத் துளைத்து உள்ளே வந்திருந்தன.

“என்ன, வருதா?” என்று மேலிருந்து கேட்டீர்கள்.

“இல்லை” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை ஒழுங்காக விளக்க முடியவில்லை. அந்தப் பலகைக்கு நீங்கள் மூன்று பூச்சு அடித்தீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும், விடிய வரும்போது தூரத்திலேயே அது தெரிகிறதா என்று பார்ப்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தீர்கள். “முடிஞ்சுது அம்மா. நாளைக்குச் சுவருக்குப் புதுப் பலகை அடிச்சால் பீ.எச்.ஐ வரட்டும்.” அம்மா அன்று உங்களுக்கு முட்டை பொரித்தார். நான் சொட்டிய தண்ணீரைத் துணியால் துடைத்தேன். துணியைப் பிழிந்து காயப் போட்டேன்.

காலையில் நீங்கள் புதுப் பலகையைத் தூக்கிச் சுவரில் பிடித்தபோது, அதன் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் சொன்னேன்: “அடிக்காதேங்கோ. பேர்ப் பலகையால வருது. நேற்றும் வந்தது. நான் பொய் சொன்னனான்.”

நீங்கள் கோபிப்பீர்கள் என்று நினைத்தேன். பலகையைக் கீழே வைத்தீர்கள்.

“எத்தினை எண்ணேக்க வந்தது?”

“அறுபது.”

“சட்டத்தால ஓடினதோ?”

“ஓம்.”

ஏணியை எடுத்து ஏறினீர்கள். நான்கு ஆணியையும் கழற்றும் சத்தம் உள்ளே எனக்குத் தலைக்கு மேல் கேட்டது. நான்கு துளைகளால் வெளிச்சம் வந்தது. கீழே இறங்கி என் கையில் பலகையைத் தந்துவிட்டு, “உன்ர பேரே உன்ர தலையில ஒழுகியிருக்கு” என்றீர்கள். பிறகு, “பொய் சொல்லவாவது வாய் திறந்தியே. காணும்” என்று உச்சியில் ஒரு குட்டு. அந்த நான்கு துளைகளுக்கும் றெசினில் பைபர் மட் துணியை நனைத்து ஒட்டினீர்கள். பீ.எச்.ஐ வந்து புதுச் சுவரை மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்தார். ஒரு பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் போனது வைகாசியில். தம்பலகாமத்திலிருந்து திரும்பும்போது, பட்டப்பகலில், வீதியில் கொட்டிக் கிடந்த சல்லிக் கல்லில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விட்டபோது அம்மா உங்களோடு கதைத்துக்கொண்டே இருந்தார். நான் உங்கள் நகங்களில் ஒட்டியிருந்த றெசினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மூன்று நாளைக்கு முதல் ஒரு பெண் கடைக்கு வந்தார். கிண்ணியாவிலிருந்து, குறிஞ்சாக்கேணிப் பக்கம். அவரும் ஒரு பழைய கரவன் வாங்கி அதில் தையல் கடை வைத்திருக்கிறார். “புள்ள, இதத் திருத்தின போட் வேலக்காரத் தம்பி இரிக்காரா? கலியாண உடுப்பு வெட்டி வெச்சிரிக்கன், எல்லாம் நனையப் போகுது” என்றார். அம்மா உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அம்மா அதைச் சொல்லும்படி விட எனக்கு மனம் வரவில்லை.

“அண்ணா தவறிட்டார். வைகாசியில” என்றேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அடுத்ததும் வந்தது. “ஒழுகிற இடத்தை எனக்குப் பார்க்கத் தெரியும். நான் வாறன்.”

அம்மா துருவலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அங்க போய் நீ கதைப்பியோ?” என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் காலையில் உங்கள் வாளியைத் திறந்தேன்.

கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போனேன். அவருடைய கணவர் லொறி ஓட்டுகிறவர், பெரிய ஆள், சத்தமான குரல். யன்னல்களைப் பார்த்தேன். துவாரங்கள் எல்லாவற்றிலும் தார் பூசியிருந்தது.

“இதையெல்லாம் முதல் திறக்க வேணும்.”

“ஒழுகுதெண்டு கூப்பிட்டா ஓட்டையத் திறக்கச் சொல்றீங்க. இது என்ன வேல புள்ள?”

“எங்கட அண்ணாவும் முதல் அடைச்சவர். பிறகு அவரே வெட்டித் திறந்தவர்” என்றேன். அந்தப் பெண் துணி வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டினார். அங்கேயும் தேத்தண்ணி நிறத் தண்ணீர்தான் வந்தது. அதற்குப் பிறகு கணவர் நான் சொன்னபடி குழாயைப் பிடித்தார். நான் உள்ளே, துணிக் கட்டுகளுக்கு நடுவில், டோர்ச்சோடு. கீழ்ச் சுவர் நூறு. யன்னல் நூறு. ஓரத் தகடு நூறு. மிஞ்சியது கூரையில் அவர் நட்டிருந்த லைட் கம்பம்.

“அதால வராது. அது என்ர கையால இறுக்கினது” என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே அடித்தார்.

எண்ணினேன். எண்பத்தாறில் ஒரு துளி திரண்டு, சட்டத்தைப் பிடித்து ஓடியது.

“என்ன புள்ள, வருதா?”

“ஓம், வருது!” என்றேன். தகரச் சுவரில் என் குரல் முட்டித் திரும்ப எனக்கே பெரிதாகக் கேட்டது. வெளியே நின்ற அவர் மனைவி திடுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே திருகுச் சாவியால் கம்பத்தைக் கழற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது.

நாளைக்குப் புது றெசின் வாங்கிக்கொண்டு திரும்பப் போகிறேன். உங்கள் வாளி படிக்குக் கீழேயே இருக்கட்டும். பலகையை அம்மாவும் நானும் கரவனுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பு நட்டுக் கட்டியிருக்கிறோம், கூரையைத் தொடாமல். லொறிக்காரர்கள் இப்போதும் அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். இப்போது நான் குனிவதில்லை.

எண்ணிக்கொண்டிருந்தேன் அண்ணா. வந்தது. வந்தது என்று சொன்னேன்.