பச்சைக் கயிறு கட்டிய மூட்டை

குவீன்ஸ்டவுன்,
புதன்கிழமை

அன்பு மகள் நிவேதிதாவுக்கு அம்மா எழுதுவது. பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும், ஸ்வெட்டர் போடாமல் வேலைக்குப் போகாதே. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை அப்பா காய்ச்சலோடுதான் ஜாலான் புசார் பழைய பித்தளைக் கடைக்கு வந்தார், மதியத்துக்கு மேல் முடியாமல் உள்ளே பாய் போட்டுப் படுத்துவிட்டார். பித்தளை மூட்டை ஒன்று பாக்கி. அவர் வழக்கம் உனக்குத் தெரியும், பழைய வால்வு ஒவ்வொன்றையும் சுத்தியலால் உடைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டை வாயில் பச்சைக் கயிறு கட்டுவார். இரண்டு பக்கமும் அடைபட்ட வால்வுக்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் உலையில் போட்டதும் வெடித்துவிடும். பச்சைக் கயிறு இருந்தால் ஜொகூர் பட்டறையில் சோதிப்பதே இல்லை, அப்படியே உலையில் கொட்டுவார்கள், அவ்வளவு நம்பிக்கை. அன்றைக்கு லாரிக்காரர் ஜொகூர் போகும் எல்லைப் பாலத்தில் நெரிசலாகிவிடும் என்று அவசரப்படுத்தினார், தூங்குகிற மனிதரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஒன்றையும் பார்க்காமல் நானே பச்சைக் கயிற்றைக் கட்டி, அவர் கட்டிய மற்ற மூட்டைகளோடு ஏற்றிவிட்டேன் நிவி.

திங்கட்கிழமை உலை வெடித்துச் சிதறியது. முகம்மது யூசுப் உனக்கு நினைவிருக்கும், பட்டறையிலிருந்து லாரியோடு வரும்போதெல்லாம் அக்கா டீ என்று உரிமையாகக் கேட்பானே, அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் வெந்துவிட்டது. வலது கண்ணைப் பற்றி டாக்டர் இன்னும் எதுவும் சொல்லவில்லையாம். அப்பா போனை வைத்துவிட்டு, "என் கயிறுதான் நாகம்மா. காய்ச்சல்ல ஒண்ண உடைக்காம விட்டுட்டேன் போல" என்றார். அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாவி நான், சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

ஒரு பழைய குழாயை உருக்கினால் எங்கோ ஒரு மலையைத் தோண்டுவது அந்த அளவுக்குக் குறையும், பித்தளை எத்தனை தடவை உருக்கினாலும் புதிதாக எழுந்து வரும் என்று கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து வைத்துப் பேசுகிற மனிதர். நேற்று பிளம்பர் அருண்ராஜ் பை நிறையக் குழாய் கொண்டுவந்தார். அப்பா குப்பையில் போடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார், கடையையும் மூடப்போகிறாராம். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை, எனக்குத் தூக்கமே இல்லை. என் தப்பை அவர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லையடி, செத்துவிடலாம் போல இருக்கிறது.

நாளைக் காலை உட்லண்ட்ஸ் போய், பாலத்தைக் கடந்து ஜொகூர் ஆஸ்பத்திரியில் யூசுப் முன்னால் நின்று சொல்லப்போகிறேன். அவன் என்னைத் திட்டினாலும், போலீஸ் வந்தாலும் சரி. ஆனால் அதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் எனக்குப் பயம்.

வீரமாகாளியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன், உடனே அப்பாவுக்குப் போன் போடு. அவர் என்னோடு பேசாமல் போனாலும் போவார், உன்னோடாவது பேசட்டும்.

உன் அம்மா,
நாகம்மா